தங்கள் தங்கையைச் செருப்பு அலமாரிப் பக்கம் திருப்பி உட்காரவைத்தது தொடர்பாக

மதிப்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், வலது புருவம் நீங்கலாக. அங்கு தாங்களும், அக்காவும், தங்கள் ரொட்டி அடுப்பும், நான்கு நாட்களாகத் தங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் செய்தால் தாங்களே எடுத்து, "அவ பேசமாட்டாளாம் மாப்பிள்ளை, நான் என்ன பண்ணட்டும்?" என்று சொல்லி வைத்துவிடுவதால் கடிதமாக எழுத நேர்ந்தது. காலை எட்டு மணிக்குத் தங்கள் ரொட்டி வண்டி எங்கள் தெருவுக்கு வருவதற்குள் முடித்தாக வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பிரிவு உபசார விழா. முப்பத்தோரு வருடம் ஊசி போட்ட கை அன்றைக்கு எல்லார் முன்னாலும் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கப்போகிறது என்று வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். இப்போது, "வாசிக்கவே போறதில்ல, கிட்டாரை யாருக்காவது குடுத்துடறேன்" என்று சொல்வதாக நேற்று நீங்கள் போனில் சொன்னீர்கள் பாருங்கள், அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் வீட்டுக்கு வர வேண்டும். சனிக்கிழமை அவள் வாசிக்க வேண்டும். நான் செய்த ஆம்ப்ளிஃபயரில் வாசிக்க வேண்டும். மூன்றும் தங்கள் கையில்தான் இருக்கின்றன.

நடந்தது என்னவென்று அவள் ஒரு பக்கம் சொல்லியிருப்பாள். மறுபக்கம் இது. எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வாசித்தால் பக்கத்து அறையில் கொசு முனகுகிற மாதிரிதான் கேட்கும். கடையில் ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்றுதான் அவள் சொன்னாள். லிஃப்ட் ஆய்வாளராக முப்பத்துநான்கு வருடம் இருந்து ஓய்வுபெற்ற ஒருவன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கடையில் வாங்குவதாவது! "நானே செஞ்சு தர்றேன்" என்றேன். "ஒரு வாரத்துல முடியுமா?" என்றாள். "நாலே நாள்" என்றேன். இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. நாலு நாளைக்கும் அஞ்சு மாசத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறதென்றால், மச்சான், வால்வு இருக்கிறது. பழைய ரேடியோப் பெட்டிக்குள் கண்ணாடிக் குப்பி மாதிரி எரியுமே, அதேதான். "வால்வுல வர்ற சத்தம் வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டு வரும் சார்" என்று ரேடியோக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். போதாதா எனக்கு!

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வால்வுகளை நிறுத்திவைக்க அலுமினியத்தில் ஒரு பெட்டி வேண்டும். அவள் பிறந்தநாளுக்குத் தாங்கள் கொடுத்த கேக் தட்டு அலுமினியம். அளவெடுத்துப் பார்த்தால் சொல்லி வைத்த மாதிரி இருந்தது. கவிழ்த்துப்போட்டு ஐந்து துளை போட்டேன். தட்டில் மட்டும் போட்டிருந்தால் பரவாயில்லை, தட்டுக்கு அடியில் இருந்த சாப்பாட்டு மேஜையிலும் ஐந்து துளை விழுந்துவிட்டது. இப்போது யாராவது தண்ணீரைக் கொட்டினால் துடைக்கிற வேலை இல்லை, நேராக மடிக்கே வந்துவிடும். "கேக் தட்டு எங்கங்க?" என்று அவள் தேடியபோது நான் கேக் சாப்பிடுவதையே விட்டுவிட்டதாகச் சொன்னேன். அது பொய்தான்.

பிறகு முதல் தடவை சுவிட்சைப் போட்டது. வால்வு சூடேற அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷமும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் மச்சான், கல்யாணமான புதுசில்கூட அப்படிப் பிடித்ததில்லை. குப்பியெல்லாம் மெல்ல மெல்லச் சிவந்து வந்தது, நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள், உடனே அது வீல் என்று கத்த ஆரம்பித்தது பாருங்கள், அப்படி ஒரு அலறலை என் வாழ்நாளில் கேட்டதில்லை. அவள் என் கையை விட்டுவிட்டு முதலுதவிப் பையை எடுக்க உள்ளே ஓடுகிறாள், எதிர்வீட்டு வக்கீல் தீப்பிடித்துவிட்டது என்று ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவருகிறார், உள்ளே முந்நூறு வோல்ட் நிற்கிறது, நான் குறுக்கே பாய்ந்து மறித்தேன், வாளித் தண்ணீர் முழுக்க என் தலையில். கடைசியில் பார்த்தால் ஸ்பீக்கருக்குப் போகிற டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு கம்பி இடம் மாறியிருந்தது. அவ்வளவுதான். மாற்றிப் போட்டதும் பெட்டி பரம சாது ஆகிவிட்டது. வக்கீல்தான் இன்னும் பழையபடி பேசுவதில்லை.

புருவம் போனது அதற்கடுத்த வாரம். கண்டென்சர் என்று விரல் தடிமனில் ஒரு உருளை இருக்கிறது, அதற்குத் தலை எது கால் எது என்று பார்த்துப் போட வேண்டும். நான் பார்த்தேன். கண்ணாடி போடாமல் பார்த்தேன். அது டப்பென்று வெடித்து அறை முழுக்கக் காகிதத் துணுக்காகப் பறந்தது. தங்கள் தங்கை மருந்து தடவிக்கொண்டே, "இன்னும் ரெண்டு விரக்கடை குனிஞ்சிருந்தா மூக்குக்கும் சேத்துக் கட்டுப் போட்டிருப்பேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை மச்சான், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதுவரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அதற்கப்புறம் பெட்டி பேச ஆரம்பித்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு அவள் குளித்துவிட்டு வருகிறாள், கூடத்தில் ஓர் ஆண்குரல், சிறுநீரகக் கல் வராமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று கணீரென்று பேசிக்கொண்டிருக்கிறது. "என்னங்க, யாரு வந்திருக்கா? உட்காரச் சொன்னீங்களா?" என்று உள்ளேயிருந்தே கேட்கிறாள். யாரும் வரவில்லை. உள்ளே போகிற கம்பிக்கு மேலுறை போட மறந்துவிட்டேன், அது அக்கம்பக்கத்தில் அலைகிற வானொலியை எல்லாம் இழுத்துக்கொண்டிருந்தது. வக்கீல் கோபத்தை மறந்து வந்து உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். மறுநாளும் ஆறு மணிக்கு வந்தார். நான் மேலுறை போட்டுச் சரிசெய்துவிட்டேன் என்றதும், "நல்லாப் போயிட்டிருந்ததை எதுக்குச் சார் கெடுத்தீங்க?" என்று மறுபடி கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

இதெல்லாம் போகட்டும். இனிமேல்தான் தங்கள் தங்கைக்கும் எனக்கும் மனக்கசப்பு. எல்லாம் சரியானபிறகும் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் நிற்கவில்லை. எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்க வேண்டாமா? விளக்கை அணைத்தேன், மின்விசிறியை நிறுத்தினேன், குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தினேன். அதைத் திரும்பப் போட மறந்ததில் பால் திரிந்துபோனது, அது என் தவறு. ஒரு வால்வு வேறு, யாராவது நடந்தால் ஸ்பீக்கரில் 'டொங், டொங்' என்று எதிரொலிக்கும். அதனால் சோதனை நேரத்தில் அவளை நடக்க வேண்டாம் என்றேன். "நடக்காம எப்படிங்க டூட்டிக்குப் போறது?" என்றாள். நியாயமான கேள்வி, அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்புறம்தான் ஒன்று கவனித்தேன். கிட்டாரை ஒரு பக்கமாகத் திருப்பினால் ரீங்காரம் குறைகிறது. அவளை நாற்காலியோடு அங்குலம் அங்குலமாகத் திருப்பிப் பார்த்ததில் ஒரே ஒரு திசையில் சுத்தமாக அடங்கிப்போனது. அந்த இடத்தில் தரையில் நாலு காலுக்கும் டேப் ஒட்டினேன். அங்கே உட்கார்ந்தால் எதிரே செருப்பு அலமாரி. நான் என்ன செய்ய முடியும்? விஞ்ஞானம் அப்படி அமைந்திருக்கிறது.

"நான் யாருக்கு வாசிக்கிறேன்? உங்க செருப்புக்கா?" என்றாள்.

"ரீங்காரம் இல்ல பாரு" என்றேன்.

"அஞ்சு மாசமா மேல் கம்பியைத் தட்டு, கீழ்க் கம்பியைத் தட்டுன்னு ஒரே தட்டு. ஒரு பாட்டு முழுசா வாசிக்க விட்டீங்களா? நான் என்ன மணியடிக்கிறவளா?"

அவளைச் சமாதானப்படுத்தலாமென்றுதான் மச்சான் அன்றைக்கே உட்கார்ந்து முறைப்படி ஒரு அனுமதிச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். மனைவி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அதில் நான்கே நான்கு நிபந்தனைகள்தான். கம்பிகள் இரண்டுக்கு மிகாமல். ஒலியளவு மூன்றுக்கு மேல் போகாமல், அதற்குக் குமிழில் டேப் ஒட்டி என் கையெழுத்தும் போட்டாயிற்று. நேரம் பத்து நிமிடம். திசை, செருப்பு அலமாரி. அவள் அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். கிட்டாரைப் பையில் போட்டாள், கூடவே சான்றிதழையும் போட்டாள், டாக்சியைக் கூப்பிட்டாள், கிளம்பிவிட்டாள். தங்களிடம் காட்டியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

அந்தச் சான்றிதழைப் படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் ஒன்று. முப்பத்துநான்கு வருடத்தில் நான் கையெழுத்துப் போட்ட ஒரு லிஃப்டிலும் ஒரு ஆள் நடுவழியில் மாட்டிக்கொண்டதில்லை. இதற்கு மட்டும் எப்படி அவசரப்பட்டுப் போடுவேன்? நூறு பேர் எதிரே நிற்கப்போவது என் மனைவி. அவள் வாசிக்க ஆரம்பிக்கிறபோது இந்தப் பெட்டி வீல் என்று கத்தினால், இல்லை சிறுநீரகக் கல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கூட வேலை செய்தவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். அவள் முகம் சுண்டிப்போவதை நான் பார்க்க வேண்டியிருக்கும். என்னால் முடியாது மச்சான். இதை அவளிடமே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்ல வரவில்லையே, நிபந்தனைதானே எழுத வருகிறது எனக்கு!

எனவே, யாருடைய கௌரவமும் குறையாதபடி நான் இறங்கிவரத் தயார். கம்பிகள் இரண்டு என்பதை நான்காக உயர்த்துகிறேன். நேரம் பதினைந்து நிமிடம். நாற்காலியைப் பாதி திருப்பிக்கொள்ளலாம், செருப்பு அலமாரியும் தெரியும், ஜன்னலும் தெரியும். குமிழில் ஒட்டிய டேப்பை மட்டும் யாரும் தொடக் கூடாது. இதற்கு அவள் சம்மதித்தால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவைக்கவும். சம்மதிக்காவிட்டாலும் அனுப்பிவைக்கவும்.

அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் அடுப்பு அணையாமலும், மாவு பொங்கியபடியும், தங்கள் கை என்றும் பிறர் பசியாற்றியபடியும் இருக்க மனதார வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்,
(ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆய்வாளர்)

பின்குறிப்பு: மேலே எழுதியது அனைத்தும் ரத்து. இதைத் தெருவில், தங்கள் ரொட்டி வண்டியின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். கடிதத்தோடு இறங்கி வந்து முனைக்கடைக்குப் போய் உறை வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், வண்டி வாசலில் நிற்கிறது, வண்டிக்காரர், "அம்மாவை இப்பதான் சார் இறக்கி விட்டேன், மேல போய்ட்டாங்க. உங்ககிட்ட சொல்லலையா?" என்கிறார். யாரும் என்னிடம் சொல்லவில்லை மச்சான், தாங்கள் உட்பட! அவர் சொல்லி வாய் மூடவில்லை, மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து கிளம்பியது பாருங்கள், தெருவே நின்றுவிட்டது. டேப்பைப் பிய்த்துவிட்டாள். குமிழ் பத்தில் இருக்கிறது, பதினொன்று இருந்திருந்தால் அதிலும் வைத்திருப்பாள். ஆறு கம்பியும் பேசுகிறது. கடைக்காரர் சொன்ன வெண்ணெய் எல்லாம் இல்லை, இது தொண்டை நிறையச் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. வக்கீல் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு வெளியே வந்து, "யாரு சார் வாசிக்கிறது?" என்று கத்தினார். "என் பொண்டாட்டி!" என்று நானும் கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, யாரும் பார்க்கவில்லை, வண்டிக்காரர் மட்டும் பார்த்தார்.

"நடுவுல மூணு இடத்துல தப்பு விழுந்துச்சு சார், கவனிச்சீங்களா?" என்று அவர் கேட்கிறார். நான் எண்ணவில்லை மச்சான்.

கடிதத்தை அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன், படித்ததும் அடுப்பில் போட்டுவிடவும். சனிக்கிழமை நாலு மணிக்கு அக்காவோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். நான் இன்னும் மேலே போகவில்லை. அவள் தன் சாவியில் திறந்து போயிருக்கிறாள், என் சாவியை நான் உள்ளேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன், கதவைத் தட்டினால் அவள் வாசிப்பதை நிறுத்திவிடுவாள்.