நாலாவது ஆள்

தனக்கு வேலை கிடைக்காதவன்தான் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வேலை தேடிக் கொடுப்பான். வேலை உள்ளவனுக்கு அதற்கு நேரம் ஏது? என்னுடைய இருபத்திரண்டாவது வயதில் எனக்கு நேரத்துக்குப் பஞ்சமே இல்லை. இண்டர்மீடியட் பரீட்சையில் இரண்டு தடவை தவறியிருந்தேன். (முதல் தடவை ஒரு பாடம், இரண்டாவது தடவை மூன்று. அதிலாவது முன்னேற்றம் காட்டினேனே.) காலையில் வாசகசாலை திறந்ததும் முதல் ஆளாய் உள்ளே புகுந்து, பத்திரிகையில் 'தேவை' என்று வரும் விளம்பரங்களை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு, மதுரைத் தெருக்களில் நாள் முழுக்கச் சுற்றுவேன். ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத உடம்பு எனக்கு.

பதினைந்து, பதினாறு வயதில், எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டு அடுத்து என்ன என்று முழித்துக்கொண்டிருக்கும் பையன்களைக் கண்டால் கை நமநமக்கும். நிறுத்தி வைத்து, மேலும் கீழும் பார்த்து, "உனக்குக் கம்பவுண்டர் வேலைதாண்டா பொருத்தம்" என்பேன். அப்படி நான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய ஒருவன் முதல் நாளே ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்து, நோயாளியாகவே மூன்று நாள் அங்கே தங்கிவிட்டு வந்தான். இன்னொருவனை ஏலக்கடையில் கூவும் வேலைக்குச் சேர்த்தேன். அவன் பேசினால் அவன் காதுக்கே கேட்காது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். இவையெல்லாம் என் புகழைக் குறைத்ததாக நான் நினைக்கவில்லை. யுத்தத்துக்கு நாலைந்து வருஷம் முந்திய காலம் அது. வேலை என்ற சொல்லை வாயால் சொல்பவனுக்கே ஒரு மரியாதை இருந்தது.

அந்த மரியாதை சமயநல்லூரில் இருந்த என் தாய்மாமன் வரைக்கும் போய்ச் சேர்ந்ததில்தான் வினை தொடங்கியது. மாமா நிலமும் கிணறும் உள்ள சம்சாரி. அவருக்கு ஒரு மகள், பெயர் பேச்சி. எனக்கு முறைப்பெண். ஒரு மகன், பெயர் முத்தையா. வயது பதினாறு. மாமா என்னை 'மாப்ள' என்று கூப்பிடும்போதெல்லாம் அதில் ஒரு உறுதிமொழி இருப்பதாக நினைத்து உள்ளுக்குள் பூரிப்பேன். (வண்டியோட்டியையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.) ஒரு நாள் என்னை வரவழைத்து விஷயத்தைச் சொன்னார்.

"மாப்ள, இவனுக்கு ஒரு வேலை பாத்துக் குடு. முடியாட்டி அடுத்த வாரம் கொழும்புல பலசரக்குக் கடைக்கு அனுப்பிருவேன், ஆளு வந்து கேட்டுட்டுப் போயிருச்சு. நீ வாங்கிக் குடுத்துட்டேன்னா, அப்புறம் பொண்ணு குடுக்கிற பேச்சை நானே எடுக்கேன்."

முத்தையாவுக்குக் கொழும்பு என்றதும் முகம் செத்துவிட்டது. எனக்கோ பேச்சி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. உடனே பையனைப் பரிசோதித்தேன். கிணற்று இராட்டினத்தைக் கழற்றிக் கழற்றி மாட்டுவானாம். ரோட்டில் மோட்டார் சத்தம் கேட்டால் சாப்பிடுகிற தட்டோடு வாசலுக்கு ஓடுவானாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நான் கண்ணை மூடி யோசித்து, "பையனுக்குக் கவனம் போதாது. ஆபீசில் உட்கார வைத்தால் சரியாகிவிடும்" என்று முடிவு சொன்னேன். என் தீர்க்கதரிசனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரே நாளில் மூன்று இடம் பார்ப்பதாகத் திட்டம். அச்சாபீஸ், வக்கீல் ஆபீஸ், கடைசியாக ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் எழுதும் குமாஸ்தா வேலை. காலையில் ரயிலுக்குக் கிளம்பினோம். நான் சிநேகிதனிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டு போட்டிருந்தேன். முத்தையாவுக்கு என்னுடைய புது வேட்டியைக் கட்டிவிட்டிருந்தேன். மாமாவும் கூடவே புறப்பட்டார். நிலைப்படி தாண்டும்போது அத்தை தடுத்துவிட்டாள்.

"மூணு பேராவா போறீக? நல்ல காரியத்துக்கு?"

மூன்று பேராய்ப் போனால் காரியம் கெடும். அதற்குப் பரிகாரம், ஒரு கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் அது நாலாவது ஆள் ஆகிவிடும். படித்தவன் என்கிற முறையில் நான் இதைக் கண்டித்து ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் உள்ளேயிருந்து பேச்சி வந்தாள். கிணற்றடியில் கிடந்த, தேங்காய் அளவு கல் ஒன்றைக் கழுவி, துடைத்து, குங்குமமும் வைத்து என் கையில் கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. (பேர்தான் பேச்சி.) அந்த நிமிஷத்தில் அவள் ஆட்டுக்கல்லைக் கொடுத்திருந்தாலும் தலையில் வைத்துக்கொண்டு போயிருப்பேன். சொற்பொழிவை விழுங்கிவிட்டு, கல்லைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

அச்சாபீசில் முத்தையாவை ஒரு தாளைப் படித்துப் பிழை பார்க்கச் சொன்னார்கள். அவன் தாளைப் பார்க்காமல், தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த மிஷினுக்கு அடியில் தலையை விட்டான். மிஷினை நிறுத்தி அவன் தலையை வெளியே எடுத்து எங்களிடம் ஒப்படைத்தார்கள். வக்கீல் ஆபீசில் அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பையன் கால் ஆட்டிய ஆட்டில் பெஞ்சு நகர்ந்து நகர்ந்து கதவுப் பக்கம் போய்விட்டது. வக்கீல் எங்களைக் கூப்பிடுவதற்காகத் தலை நிமிர்ந்தபோது நாங்கள் ஏறக்குறைய வெளியே இருந்தோம். அப்படியே போய்விடச் சொன்னார்.

 வைகைப் பாலத்தில் எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை. நடையை எட்டிப் போடுவேன், நிற்பேன், திரும்பிப் பார்ப்பேன், மறுபடி ஓடுவேன். கல் ஒவ்வொரு எட்டுக்கும் தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. கோட்டு ஒரு பக்கமாக முழங்கால் வரைக்கும் தொங்கிற்று. ஆற்று மணலில் எறிந்துவிடலாமா என்று இரண்டு தடவை கையைப் பைக்குள் விட்டேன். இரண்டு தடவையும் விரலில் குங்குமம் ஒட்டிக்கொண்டு வந்தது. எறிய மனசு வரவில்லை. எறிந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

பஸ் கம்பெனி வடகரையில் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் நாற்காலி போட்டு முதலாளி உட்கார்ந்திருந்தார். மீசை பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. அந்தக் காலத்தில் ஒரே ரோட்டில் இரண்டு கம்பெனி வண்டிகள் ஆள் பிடிக்கப் போட்டி போட்டு ஓடும். அந்த வாரம் மட்டும் யாரோ ஒளிந்திருந்து கல்லெறிந்து அவருடைய இரண்டு பஸ்களின் முன்கண்ணாடியை நொறுக்கியிருந்தார்கள். கல் எறிகிறவனைப் பிடிக்கத்தான் அவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். இது எனக்குத் தெரியாது.

நான் நேரே போய், மரியாதைக்காக வாங்கி வந்திருந்த எலுமிச்சம்பழத்தை நீட்டி, இடுப்பு வரை வளைந்து ஒரு கும்பிடு போட்டேன். அவ்வளவு பெரிய கும்பிடைச் சிநேகிதனின் கோட்டு எதிர்பார்க்கவில்லை. பை கிழிந்தது. கல் தொப்பென்று முதலாளியின் கால் அருகே விழுந்து, உருண்டு, குங்குமப் பொட்டு மேலே தெரியும்படி நின்றது.

 இரண்டு டிரைவர்கள் ஆளுக்கொரு பக்கம் என் தோளைப் பிடித்தார்கள்.

"என்னய்யா இது?" என்றார் முதலாளி.

"கல்லுங்க."

"அது தெரியுது. எதுக்குக் கொண்டாந்த?"

"துணைக்குங்க."

அவர் குனிந்து குங்குமத்தைப் பார்த்தார். இத்தனை நாள் கண்ணாடிதான் உடைந்தது, இன்றைக்குச் செய்வினை வைக்கவே ஆள் வந்துவிட்டது என்று டிரைவர்களில் ஒருவர் முணுமுணுத்தார். முதலாளி மாமா பக்கம் திரும்பி, இவன் உங்களுக்கு யார் என்று கேட்டார்.

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்கா மகன்னு சொல்றாக" என்றார்.

அந்தப் பதிலில் என் கல்யாணம் தண்டவாளத்தை விட்டு இறங்கிப் போவது எனக்குக் காதிலேயே கேட்டது. அவசர அவசரமாக, நாக்கு குழற, மூன்று பேராக வந்ததையும் கல் நாலாவது ஆள் என்பதையும் விளக்கினேன். முதலாளிக்கு வழக்கம் தெரிந்திருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு, விரலை நீட்டி எண்ணினார்.

"ஒண்ணு. ரெண்டு." விரல் அப்படியே நின்றது. "மூணாவது ஆளு எங்கய்யா?"

திரும்பிப் பார்த்தேன். முத்தையாவைக் காணோம். பாலம் இறங்கியதிலிருந்தே அவனை நான் கவனிக்கவில்லை.

மூன்றாவது ஆள் பின்பக்கமாகப் போய்க் கண்ணாடியை உடைக்கிறான், இவன் முன்னால் நின்று பேச்சுக் கொடுக்கிறான் என்று அந்தக் கொட்டகை முழுவதும் ஒரே சமயத்தில் புரிந்துகொண்டது. ஆட்கள் பின்னால் ஓடினார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அங்கே கடைசி வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கால்களை எனக்கு அடையாளம் தெரிந்தது. என்னுடைய புது வேட்டிக்குள் இருந்தன. அதைப் புது வேட்டி என்று இனிமேல் சொல்வதற்கில்லை.

இழுத்து வெளியே போட்டார்கள். முழங்கை வரை எண்ணெய் மசி. யாரடா உன்னை உள்ளே விட்டது என்று முதலாளி உறுமினார்.

"யாரும் விடல. வண்டி சத்தம் சரியில்ல. அதான் பாக்கப் போனேன்" என்றான் முத்தையா. அன்றைக்குக் காலையிலிருந்து அவன் சேர்ந்தாற்போலப் பேசியது அதுதான்.

அவனுக்குப் பின்னாலேயே வண்டிக்கடியிலிருந்து மெக்கானிக் ஊர்ந்து வந்தார். தலை நரைத்த மனிதர். "மொதலாளி, பயலை வையாதீக. நட்டு ஒண்ணு உள்ள விழுந்து போச்சு, காலையில இருந்து எடுக்க முடியல. என் கை போகாத சந்துல இவன் கை போகுது. எடுத்துக் குடுத்துட்டான். அதோட, கழட்டினது எதுவோ அதே வரிசையில திருப்பி மாட்டுறான். நான் கையாளா வச்சிருக்கவனுக்கு ரெண்டு வருசமா அது வரல."

சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக் காட்டினார். கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. முத்தையா காதை வண்டிப் பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றான். அவன் கால் ஆடவில்லை. அதைக் கவனித்தபோதுதான், இத்தனை நாளாக நான் எத்தனை பையன்களின் காலைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்து வேலை சொல்லியிருக்கிறேன் என்று ஒரு கணம் தோன்றியது. (ஒரு கணம்தான். தோளில் பிடி இன்னும் இறுகித்தான் இருந்தது.)

முதலாளி மறுபடி முதலிலிருந்து எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு." வாசலுக்கு வந்து கல்லைப் பார்த்தார். "நாலு. கணக்கு சரியாத்தான் இருக்கு. விடுங்கய்யா அந்த ஆளை." பிறகு மாமாவிடம், "திரும்பிப் போறப்ப எத்தனை பேரு?" என்று கேட்டார்.

"மூணு பேருதான்" என்றார் மாமா, ஒன்றும் புரியாமல்.

"ரெண்டு பேரு. பய இங்க இருக்கட்டும், மெக்கானிக் பாத்துக்குவாரு. ரெண்டு பேரு போறதுக்குக் கல்லு எதுக்கு? அதுவும் இங்கேயே இருக்கட்டும். டயருக்கு முட்டுக் குடுக்க ஆகும்."

நானும் விடவில்லை. கிழிந்த கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எனக்கும் ஏதாவது தோதாக இருக்குமா என்று மெதுவாகக் கேட்டேன். இப்போது என்ன செய்கிறீர் என்று கேட்டார். இந்த மாதிரிப் பையன்களுக்கு வேலை வாங்கிக் கொடுக்கிறேன் என்றேன். அவர் என்னையும் என் கோட்டையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அதையே பாருங்க" என்றார்.

சாயங்கால ரயிலில் வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் அத்தை மகன் எங்கே என்று பதறினாள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார்.

"வேலை தேடி நாலு பேரு போனோம். பயலுக்கு வேலை கெடைச்சிருச்சு. கல்லுக்கும் கெடைச்சிருச்சு. எனக்கு இருக்கவே இருக்கு காடு. வெறுங்கையோட திரும்பி வந்தது இந்த ஒரு ஆளுதான்."

தெரு சிரித்தது. நான் மெல்ல, பொண்ணு பேச்சை எடுப்பதாகச் சொன்னீர்களே மாமா என்றேன். "வேலை வாங்கிக் குடுத்தா எடுக்கேன்னேன். வாங்கிக் குடுத்தது கல்லு. அதுக்குத்தான் பொண்ணு குடுக்கணும், மாப்ள" என்றார்.

அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து பேச்சியின் குரல் வந்தது.

"அந்தக் கல்லைக் காலையில இருந்து சுமந்தது யாரு?"

மாமா குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

எட்டு மாதம் கழித்து எனக்குக் கோர்ட்டில் நகல் எழுதும் வேலை கிடைத்தது. (நானே தேடியிருந்தால் கிடைத்திருக்காது. பேச்சி சொல்லி அவள் அப்பா தேடியது.) அதற்கு அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். முத்தையா அந்தக் கம்பெனியிலேயே பெரிய மெக்கானிக் ஆகிவிட்டான். ஊருக்கு வரும்போதெல்லாம், "கல்லு நல்லா இருக்கு மச்சான், ஒரு நாள் லீவு போட்டதில்ல" என்று செய்தி சொல்வான்.

போன மாதம் எங்கள் கடைசிப் பையன் முதல் வேலைக்கு நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்து புறப்பட்டான். கூட அவன் சிநேகிதர்கள் இரண்டு பேர். நானும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பேச்சி வாசலில் நின்று தலைகளை எண்ணினாள். பிறகு மகனைப் பார்த்து, "அப்பாவைக் கூட்டிட்டுப் போறியா, இல்ல கல்லே போதுமா?" என்று கேட்டாள்.

பயல் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"கல்லே இருக்கட்டும்மா. அதுக்காவது முன் அனுபவம் இருக்கு."