பிரேக் அண்ணையின் வலது கால்

ரொறன்ரோவில் உள்ள தமிழ்க் கால்களிலேயே ஆகப் புகழ்பெற்றது பிரேக் அண்ணையின் வலது கால்தான். மறுக்கிறவர்கள் ஒன்று பஸ்ஸில் போகிறவர்களாக இருக்க வேண்டும், அல்லது லைசன்ஸ் எடுக்காமல் ஓட்டுகிறவர்களாக இருக்க வேண்டும். முப்பது வருடமாக அவர் கார் ஓட்டப் பழக்குகிறார். பழகுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேர்க்க, இவர் பக்கத்து சீட்டில் இருப்பார். அந்தப் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஸ்காபரோவில் இன்று கைகால் முழுதாக நடமாடும் தமிழர்களில் பாதிப் பேர் அந்த பிரேக்கால் தப்பியவர்கள். மற்றப் பாதிப் பேர், முதல் பாதி கார் பழகிய நாட்களில் றோட்டைக் கடந்தவர்கள்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கல்யாண வீட்டுக் கார்டிலேயே ‘பிரேக் அண்ணை குடும்பம்’ என்று எழுதிக் கொடுத்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அந்தக் கால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. பக்கத்தில் இருப்பவர் பலமாகத் தும்மினால் மிதிக்கும். கோயிலில் குருக்கள் மணியை வேகமாக ஆட்டினால் மிதிக்கும். தொலைக்காட்சியில் ஒரு கார் திரும்பினால், கார்பெட்டில் ‘தொம்’ என்று ஒரு மிதி. மிதித்தது அவருக்கே தெரியாது. அப்படிப்பட்ட மனிதர், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, கைத்துப்பாக்கி வாங்கிக் குறிபார்த்துச் சுடப் புறப்பட்டார் என்றால் நம்புவீர்களா? நானும் நம்பவில்லை.

எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் அஜக்ஸில் இருக்கிறேன், பாண் சுடும் பேக்கரித் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். கண்ணன் மில்லிக்கனில் இருக்கிறான், வீடு விற்றுக் கொடுப்பவன். அவன் முகம் பஸ் தரிப்பிட பெஞ்சுகளில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். நேரில் அந்த முகம் சிரித்து நான் பார்த்துப் பல வருடமாகிறது. மூன்றாவது ஆள் ராகவன், சென்னைக்காரர். பகலில் கனடாவுக்கும் இரவில் இந்தியாவுக்குமாகக் கம்ப்யூட்டருக்கு முன்னால் கூட்டம் நடத்துகிறவர். மூன்று பேரும் பிரேக் அண்ணையிடம் கார் ஓடப் பழகியவர்கள். மூன்று பேருக்கும் பிடித்த பொழுதுபோக்கு நித்திரை. அதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை.

பிரேக் அண்ணையின் மனைவி, பேரப்பிள்ளை பார்க்கவென்று மகளிடம் கல்கரிக்குப் போனவர், போனவர்தான். அதன் பிறகு அண்ணை எங்களை நாலைந்து தரம் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார். “பாப்பம் அண்ணை” என்றோம். எங்கள் ஊர்ப் பேச்சில் ‘பாப்பம்’ என்றால் வரமாட்டோம் என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும். பிறகு ஒருநாள் போன் வந்தது. தன்னிடம் மூன்று விதமான பிஸ்டல் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அடித்துப் பார்க்க விருப்பமோ என்று கேட்டார். பத்து நிமிடத்தில் மூவரும் சரி என்றோம். ஆம்பிளைகளின் புத்தி எந்த வயதிலும் ஒன்றுதான்.

கனடாவில் கைத்துப்பாக்கி விற்பதை நிறுத்துவதற்குச் சற்று முன்னர் அவர் அவற்றை வாங்கியிருந்தார். வகுப்புக்குப் போய், சோதனை பாஸ் பண்ணி, முறையாக லைசன்ஸ் எடுத்து வாங்கியவை. சும்மா சொல்லக்கூடாது, சட்டத்தை மதிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு பூட்டு, அதை வைக்கும் பெட்டிக்கு ஒரு பூட்டு. எல்லாச் சாவியையும் கோர்த்த வளையத்தை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருப்பார். கள்ளன் வந்தால் அரிசிக்குள் கை விடமாட்டான் என்பது அவருடைய கணக்கு. ஒரு ஞாயிறு ஒஷாவா தாண்டிய பிறகுதான் சாவி இன்னும் அரிசிக்குள் கிடக்கிறது என்று ஞாபகம் வந்தது. திரும்பி வந்தோம். கண்ணன் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் இங்கே எழுத முடியாது.

போவது அவருடைய டிரைவிங் ஸ்கூல் காரில்தான், கூரையில் பெயர்ப் பலகையோடு. ஹைவேயில் சரியாக நூறு. நூற்றொன்று கிடையாது. லொறிகள் எல்லாம் ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகும். ஒஷாவாவுக்கு அங்காலே, வயல்களுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட கட்டடம் ஒன்றில் அந்த கிளப். லைசன்ஸ் உள்ளவர் பக்கத்தில் நின்றால் விருந்தாளியும் சுட்டுப் பார்க்கலாம் என்பது அங்கே விதி. பக்கத்தில் நிற்பதற்கென்றே பிறந்த மனிதர் எங்கள் அண்ணை.

முதல் நாள் நடந்த கூத்தை இன்றைக்கும் அந்த கிளப்பில் கதைப்பார்களாக இருக்கும். உள்ளே கால் வைத்ததும் அடுத்த தடத்தில் யாரோ ஒரு வெடி வைத்தார். நானும் கண்ணனும் சீமெந்துத் தரையில் குப்புறக் கிடந்தோம். யோசித்துச் செய்ததல்ல. சண்டை நடந்த எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு வெடிச் சத்தம் கேட்டால் முதலில் நிலம், பிறகுதான் விசாரணை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மாரடைப்பு வந்துவிட்டது என்று நினைத்து கிளப்புக்குப் பொறுப்பான வெள்ளைக்காரப் பெண்மணி முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்தார். ராகவன் மட்டும் நின்றபடி, “என்ன சார், ஏதாவது கீழே விழுந்துடுச்சா?” என்று எங்களோடு சேர்ந்து தேடத் தொடங்கினார்.

பிரேக் அண்ணை குனிந்து என் தோளைத் தொட்டார்.

“தம்பி, இது எங்களிட்டை இருந்து போற சத்தம். வாற சத்தமில்லை. எழும்பு.”

எழும்பினேன். அந்த ஒரு வசனத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. அவரிடம் மட்டும் அப்போது சொல்லவில்லை.

துப்பாக்கிகளை, எங்கள் பேச்சில் துவக்குகளை, அவர் அறிமுகம் செய்வதைக் கேட்க வேண்டும். மேசையில் வரிசையாக வைத்து, தன்னிடம் பழக வந்தவர்களைச் சொல்வதுபோலச் சொல்வார். மெல்லிய குழாயோடு இருக்கும் சின்ன இருபத்திரண்டு காலிபர் பிஸ்டல், சொன்னதைக் கேட்கிற பிள்ளை, முதல் தரத்திலேயே பாஸ் பண்ணும். நடுவில் இருக்கும் ஒன்பது மில்லிமீற்றர், கெட்டிக்காரன் ஆனால் அவசரக்காரன், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கடைசியில் இருக்கும் பழைய ரிவால்வர், ஊரில் லொறி ஓடிவிட்டு வந்த பெரியவர். யார் சொல்லும் கேட்காது, சுட்டதும் கையைத் தூக்கி நெற்றிக்குக் கொண்டுவரும். நாங்கள் மாறி மாறிச் சுட்டோம். ராகவனுக்கு இருபத்திரண்டில் நல்ல குறி. கண்ணனுக்கு ரிவால்வர்தான் பிடித்தது. ஒவ்வொரு வெடிக்கும் யாரோ ஒரு வாடிக்கையாளரின் பெயரை முணுமுணுப்பான். எனக்கு எதிலும் நடுவில் படாது, ஆனால் வட்டம் போட்ட தாளிலாவது படும்.

அண்ணைக்குத் தாளிலும் படாது. ஏன் என்று கண்டுபிடிக்க மூன்று ஞாயிறு பிடித்தது. குறி சரி, பிடி சரி, மூச்சும் சரி. ஆனால் விரல் ட்ரிகரை அழுத்தும் கணத்தில் வலது கால் ஓங்கி நிலத்தை மிதிக்கும். மிதிக்க, தோள் இறங்கும். தோள் இறங்க, குழாய் இறங்கும். குண்டு பத்தடிக்கு முன்னால் தரையில் பட்டு ஒரு வெள்ளைத் தழும்பைப் போடும். ஓட்டை விழாத தாள்களை அவர் வீணாக்கவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். வட்டத்துக்குள் வட்டமாக இருந்ததால் ரவுண்டபௌட்டில் எப்படித் திரும்புவது என்று படிப்பிக்க அவை மிக உதவின என்று சொன்னார்.

ஒரு மாதத்தில் தரையில் தழும்புகள் எண்ண முடியாமல் போனதும் அந்தப் பெண்மணி அவரைத் தனியாகக் கூப்பிட்டார். தரையில் பட்ட குண்டு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது என்றார். அதிலே பிழை சொல்ல என்ன இருக்கிறது? இரண்டு வாரத்தில் ஒரு சோதனை, பத்து வெடி, ஒன்று தரையில் பட்டாலும் மெம்பர்ஷிப் இல்லை. அது இல்லாவிட்டால் துப்பாக்கிகளை வெளியே கொண்டு போகவும் முடியாது. இப்போதைய சட்டத்தில் எங்களுக்குத் தரவும் முடியாது.

திரும்பும்போது முதல் தரமாக என்னைக் காரை ஓட்டச் சொன்னார். நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், போனால் போகட்டும் அண்ணை, உங்களுக்கென்றாலும் எங்களுக்கென்றாலும் இதென்ன பெரிய விசயமோ என்று கேட்டுவிட்டேன். உண்மையில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை நித்திரை திரும்பக் கிடைக்கும் என்ற சந்தோசம். அவர் றோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

“எனக்கு உந்தச் சத்தமே பிடிக்காது, தம்பி. துவக்கு இல்லாட்டி நீங்கள் ஆர் வருவியள்?”

பின் சீட்டில் கண்ணன் போனில் கதைத்துக்கொண்டிருந்தவன், பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டான். ராகவன் ஜன்னலைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. தேத்தண்ணிக்கு வராத நாய்களுக்கு மனுசன் பிஸ்டல் வாங்கி வைத்திருக்கிறார்.

அடுத்த இரண்டு வாரம் அவருடைய பேஸ்மென்ட்டில் பயிற்சி. துப்பாக்கிக்குப் பதில் தொலைக்காட்சி ரிமோட். அவர் சுவரைக் குறிபார்த்து ரிமோட்டை அழுத்துவார். அழுத்தும் நேரத்தில் கண்ணன் பின்னால் நின்று சட்டியை மூடியால் அறைவான். கால் மிதிக்கும். ராகவன் இரண்டு செங்கல்லைக் கொண்டுவந்து அவருடைய காலை நடுவில் செருகினார். செங்கல் உடைந்தது. கடைசியில் நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, என் பாதத்தை அவருடைய பாதத்துக்குக் கீழே வைத்தேன். முதல் இருபது தரம் எனக்கு நட்சத்திரம் தெரிந்தது. இருபத்தோராவது தரம் அந்தக் கால் என் விரல்களைத் தொட்டுவிட்டு நின்றது. இன்னொருவருக்கு நோகும் என்று தெரிந்தால் அது மிதிக்காது. பெருவிரல் நகம் கறுத்துப்போய் நொண்டி நொண்டி வேலைக்குப் போனேன். சூப்பர்வைசர் கேட்டதற்கு, டிரைவிங் பழக்குகிறேன் என்று சொன்னேன்.

சோதனை ஞாயிறு காலை. முதல் நாள் இரவு முழுக்கப் பாண் அடுக்கிவிட்டு நேரே வந்திருந்தேன். அண்ணை இருபத்திரண்டைத் தெரிவு செய்தார். பெண்மணி பக்கத்தில் நின்றார். நாங்கள் மூவரும் காதுக் கவசத்தோடு பின்னால் பெஞ்சில். முதல் வெடி தாளில் பட்டது. இரண்டாவது பட்டது. நாலாவது கறுப்பு வட்டத்துக்குள்ளேயே பட்டது. கண்ணன் என் தொடையைக் கிள்ளினான். ஆறு, ஏழு. கால் அசையவில்லை. அந்தப் பெண்மணிகூடச் சிரிக்கத் தொடங்கியிருந்தார்.

எட்டாவது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒன்பதாவது ஞாபகம் இல்லை. இருந்தபடியே நான் நித்திரையாகிவிட்டேன். பத்தாவதுக்கு அவர் ட்ரிகரில் விரல் வைத்த நேரம், பெஞ்சில் இருந்து நான் சரிந்து, மடியில் இருந்த கோப்பிப் பிளாஸ்கோடு சீமெந்தில் விழுந்தேன். அந்தச் சத்தம் செத்தவனையும் எழுப்பும், என்னையும் எழுப்பியது. கண் திறக்கும்போது தரையில் புதிய வெள்ளைத் தழும்பு.

அண்ணை துப்பாக்கியை விதிப்படி மேசையில் வைத்து, குண்டு இல்லை என்று காட்டி, அதன் பிறகுதான் திரும்பினார். ஓடி வந்து என் தலையைத் தடவி, அடிபட்டதோ, அடிபட்டதோ என்று கேட்டார். தாளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்மணி இன்னொரு தரம் வைக்கலாமே என்று தயங்கினார். இவர்தான் வேண்டாம் என்றார். சத்தம் கேட்டால் மிதிக்கிற கால் நாளைக்கும் மிதிக்கும், ஆருக்கும் படக்கூடாது என்று தன் இங்கிலிஷில் விளக்கினார். எங்களிடம் தமிழில், “பெயில் எண்டால் பெயில்தான். வாதாடக் கூடாது” என்றார். நூறு பேருக்குச் சொல்லிப் பழகிய வசனம். அன்றைக்கு அது அவருக்கே சொல்லத் தேவைப்பட்டது.

மெம்பர்ஷிப் போனபின் துப்பாக்கிகளை ஒப்படைக்கிறேன் என்று அண்ணையே போன் பண்ணிச் சொல்ல, வியாழக்கிழமை பொலிஸார் இருவர் வந்து மூன்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களையும் இருத்தி, எந்தப் பூட்டு எதற்கு என்று அரை மணித்தியாலம் வகுப்பெடுத்தாராம்.

அந்த ஞாயிறு எனக்கு விடுதலை. ஒருவரும் கூப்பிடவில்லை. ஷிஃப்ட் முடிந்து கட்டிலில் விழுந்தேன். கண்ணை மூடினால் பிளாஸ்க் விழுகிறது. எழும்பி, முகம் கழுவி, அவர் வீட்டுக்குப் போனேன். டிரைவ்வேயில் கண்ணனுடைய கார் நின்றது. ராகவன் கதவடியில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆரும் ஆரையும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

கதவைத் திறந்த அண்ணைக்கு எங்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. துவக்கு ஒன்றும் இல்லையே என்று சொன்னார், நாங்கள் மறந்துவிட்டோம் என்று நினைத்தவர்போல. தேத்தண்ணி போட்டார். அது தேத்தண்ணியே இல்லை, சீனிப் பாணி. குடித்தோம். கதைப்பதற்கு விசயம் எதுவும் இருக்கவில்லை. கால் மணி நேரத்தில் கண்ணன் கதிரையில் வாயைத் திறந்தபடி நித்திரை. அடுத்தது ராகவன், போன் நெஞ்சில் கிடக்க.

நான் அவரைப் பார்த்து, என்னால்தான் அண்ணை எல்லாம் போனது என்றேன்.

“விசரா, நித்திரை வந்தால் மனுசன் நித்திரை கொள்ளோணும்தானே. அதுக்கு ஏன் ஒஷாவா வரைக்கும் போனனீ? இஞ்சை வந்திருக்கலாமே” என்றார். பிறகு சோபாவில் கிடந்த பேப்பர்களை ஒதுக்கி, ஒரு தலையணையைத் தட்டிப் போட்டார்.

படுத்தேன். எங்கோ அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. யாரோ என் மேல் போர்வையை இழுத்துவிட்டு, பகல் வெளிச்சம் கண்ணில் படாமல் திரையை மூடினார்கள். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் அப்படி ஒரு நித்திரை நான் கொண்டதில்லை.