அந்தக் காட்சியில் வசனம் கிடையாது

ஒரு படத்தைப் பார்க்காதவருடன் நிம்மதியாகப் பேசலாம். ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு, அதுவும் போனில், அதுவும் டப்பிங்கில், அதுவும் சாப்பிட்டுக்கொண்டே பார்த்துவிட்டு, அதில் வரும் புகழ்பெற்ற காட்சிக்கு விளக்கம் சொல்ல வருகிறவர் இருக்கிறாரே, அவரிடமிருந்து ஆண்டவன்தான் நம்மைக் காப்பாற்ற வேண்டும். என்னைக் காப்பாற்றவில்லை. அப்படிப்பட்டவர் குடும்பத்திலேயே கல்யாணம் செய்துவைத்துவிட்டான்.

நானும் அப்போது சாதாரண ஆள் இல்லை. கோவையில் படித்த காலம் முழுக்கக் கல்லூரித் திரைப்பட மன்றத்தில் கிடந்து, வெண்ணந்தூருக்குத் திரும்பும்போது பட்டத்தோடு ஒரு மண்டைக்கனத்தையும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தேன். வீட்டில் விசைத்தறி ஓடும் சத்தத்துக்கு நடுவே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கறுப்பு வெள்ளைப் படம் பார்ப்பேன். ‘அந்த வெளிச்சத்தைக் கவனி, இந்த மௌனத்தைக் கவனி’ என்று அம்மாவைப் பிடித்து உட்காரவைப்பேன். அம்மா அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவார். (அந்த வயது நான் இப்போது எதிரே வந்தால் பளாரென்று ஒன்று வைப்பேன்.)

விவகாரம் ஒரு பழைய மாஃபியா படத்தைப் பற்றியது. பெயர் வேண்டாம். சொன்னால் நீங்களும் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். அதில் ஒரு காட்சி. டானைப் போலீசில் காட்டிக்கொடுத்தவனை டானே தன் வீட்டுக்கு விருந்துக்கு அழைக்கிறார். நீளமான மேசையில் இரண்டே பேர். டான் தன் கையாலேயே அவனுக்குப் பரிமாறுகிறார். அதே பாத்திரத்திலிருந்து தனக்கும் போட்டுக்கொண்டு ஒரு வாய் சாப்பிடுகிறார். அவன் கதவைப் பார்க்கிறான். தட்டைப் பார்க்கிறான். பிறகு சாப்பிட ஆரம்பிக்கிறான். டான் எழுந்து போய்விடுகிறார். அவ்வளவுதான். காட்சி முழுக்க ஒரு வார்த்தை கிடையாது. தப்பித்து ஓடாமல் அவன் ஏன் சாப்பிட்டான் என்று படம் பார்த்தவர்கள் இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் மன்றத்தில் அந்தக் காட்சியைப் பற்றி நான் ஒருமுறை பேச ஆரம்பித்து, காவலாளி வந்து விளக்கை அணைத்த பிறகும் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த நிலைமையில்தான் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பி குடிப்பார்கள், சாப்பிட மாட்டார்கள். சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்மதம் சொன்னதாக அர்த்தம். ஆனாலும் அம்மா ஒவ்வொரு முறையும் விருந்தே சமைத்துவைப்பார். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, ‘ஊட்டுக்குப் போயிக் கலந்து பேசிட்டுச் சொல்றமுங்க’ என்று கிளம்பிவிடுவார்கள். அந்தச் சோற்றை நாங்களே உட்கார்ந்து சாப்பிடுவோம். அம்மா மட்டும் சாப்பிட மாட்டார். தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்வார். எனக்குக் கல்யாணத்தில் ஒன்றும் அவசரம் இல்லை. ஆனால் அந்தத் தலைவலியைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும்.

கடைசியாக வந்த இடம் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அந்த மாப்பிள்ளை எனக்குப் பிடித்த ஒரு படத்தை ‘ஒரே லேக்குங்க, இழுவை’ என்று சொல்லப்போக, நான் சமையலறையில் இருந்தபடியே பதில் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிக்கும்போது அவர்கள் கார் ஆட்டையாம்பட்டியைத் தாண்டியிருக்கும்.

அதனால் இந்த முறை அம்மா காலையிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னிக்கி ஒரு நாளைக்கு வாயத் தொறக்காத சாமி. உனக்குக் கோடிப் புண்ணியம்.”

“தொறக்க மாட்டேம்மா.”

“அவிய என்ன சொன்னாலும்?”

“என்ன சொன்னாலும்.”

நாமக்கல்லிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை நவீன், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். அவருடைய அம்மா, எங்கள் வீட்டுக் கதவு, சுவர், மின்விசிறி எல்லாவற்றையும் வாங்க வந்தவர்போல் பார்த்தார். மூன்றாவது, அந்த அம்மாவின் தம்பி, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். அவர் சரி என்றால்தான் அந்த வீட்டில் எதுவும் சரி.

“காப்பி போதுமுங்க. சாப்பாடு கீப்பாடெல்லாம் வேண்டாமுங்க” என்று அந்த அம்மா உட்காரும்போதே சொல்லிவிட்டார். உள்ளே அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. பருப்பு, நெய், பொரியல், ரசம் எல்லாம் மூடிவைத்த பாத்திரங்களில் ஆறிக்கொண்டிருந்தன. நான் காப்பித் தட்டை நீட்டிவிட்டு, நல்ல பிள்ளையாக உள்ளே வந்து அம்மா பக்கத்தில் நின்றுகொண்டேன். எல்லாம் ஒழுங்காகவே போய்க்கொண்டிருந்தது. மாமாவின் போன் அடித்தது.

அந்தப் படத்தின் இசை.

“நல்ல மீசிக்குங்களே” என்றார் என் அப்பா, சும்மா இருக்காமல்.

“இது ஒரு மாபியாப் படமுங்க” என்று மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “ரிக் சத்தீஸ்கர்ல ஓடறப்ப போன்ல பாத்தனுங்க. அதுல ஒரு சீன் வருமுங்க பாருங்க. துரோகி ஒருத்தன உக்கார வெச்சு டான் சோறு போடுவான். போட்டுப்போட்டுச் சொல்லுவான், ‘நல்லாத் தின்னுக்க. இதுதான் உன்ற கடைசிச் சோறு!’ அப்பிடீம்பான்.”

கையில் இருந்த டம்ளரை மேடையில் ணங்கென்று வைத்தேன்.

“சோத்துல வெசம் வெச்சிருக்கானுங்க” என்று மாமா முடித்தார்.

“ஆமாங்க, வெசந்தானுங்க” என்றார் அப்பா. (அப்பா அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. பெண்ணைப் பெற்றவர், சூரியன் மேற்கே உதிக்கிறது என்று சொல்லியிருந்தாலும் ஆமாங்க போட்டிருப்பார்.)

“வெசமெல்லாம் இல்லீங் மாமா” என்று அதுவரை பேசாமல் இருந்த நவீன் வாயைத் திறந்தார். “அவனுக்குப் பசிச்சிருக்குமுங்க.”

பசி! நான் ஒரு மாலைப்பொழுது முழுக்கப் பேசிய காட்சிக்கு, பசி! விஷத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அம்மா என் முந்தானையை எட்டிப் பிடித்தார். “வேண்டாஞ் சாமி” என்று கெஞ்சினார். அதற்குள் நான் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

“அந்த சீன்ல டயலாக்கே கெடையாதுங்க!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

“ஏனம்மிணி, நான் என்ற காதால கேட்டனே?” என்றார் மாமா.

“அது டப்பிங்காரங்க சேத்துனதுங்க. வெசமும் கெடையாது. டானும் அதே பாத்தரத்துல இருந்துதான் எடுத்துத் தின்னாரு, பாக்கலீங்களா?”

“அப்பறம் எதுக்கு அவன் பயப்படறான்?”

“தின்னுட்டா ஒத்துக்கிட்டதா அர்த்தமுங்க! அவங்க சோத்துல கை வெச்சாச்சு, அதுக்குமேல எந்திரிச்சு ஓட முடியாது. வெசம் எதுக்குங்க?”

உள்ளே மூடிவைத்த சோற்றுக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டு இதை நான் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது. அப்போது உறைக்கவில்லை. மாமா ‘வெளங்கலியே’ என்று தலையைச் சொறிந்ததுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

“இருங்க, காட்டறேன்.”

விறுவிறுவென்று உள்ளே போய்த் தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டேன். தத்ரூபமாக இருக்கட்டும் என்று பருப்பும் ஊற்றினேன். நெய்யும் விட்டேன். “என்ன பண்றே?” என்ற அம்மாவைத் தாண்டிக்கொண்டு வந்து, டீப்பாயை நகர்த்தி, தட்டை நவீனுக்கு முன்னால் வைத்தேன்.

“நீங்க காட்டிக்குடுத்தவரு. எதுக்கால உக்காந்திருக்கற மாமா, டான்.”

“நானா?” மாமா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “நல்லாத் தின்னுக்க...” என்று ஆரம்பித்தார்.

“பேசக் கூடாதுங்க!” என்று அதட்டினேன். அவர் டக்கென்று வாயை மூடிக்கொண்டார். திருச்செங்கோட்டில் அவரை அதட்டியவர் யாரும் இல்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

“கதவப் பாருங்க” என்றேன் நவீனிடம்.

அவர் பார்த்தார். வாசல் கதவைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது சமையலறைக் கதவை. அங்கே அம்மா கையில் கரண்டியோடு, அடுத்து என்ன கெடப்போகிறதோ என்ற முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

“இப்பத் தட்டப் பாருங்க.”

பார்த்தார்.

தட்டில் கையை வைப்பதுபோல் காட்டுங்கள், போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சோற்றைப் பிசைந்து, உருட்டி, வாயில் போட்டுவிட்டார். சரி, நடிப்பில் மூழ்கிவிட்டார் என்று பார்த்தால் இரண்டாவது வாயும் போனது. மூன்றாவதும் போனது. பிறகு நிமிர்ந்து, அந்தப் புகழ்பெற்ற மௌனத்தைக் கலைத்து, “கொஞ்சம் ரசங் கெடைக்குமுங்களா?” என்று கேட்டார்.

என் வாழ்நாளில் நான் இயக்கிய ஒரே காட்சி அது. அதிலும் நடிகர் சொந்தமாக வசனம் சேர்த்துவிட்டார்.

“அடேய் நவீனு!” என்று அவருடைய அம்மா எழுந்து நின்றுவிட்டார். “என்ன காரியம்டா பண்ணிப்போட்ட! கை நனைச்சுப்போட்டியேடா!”

“கை நனைச்சாச்சுங்களே!” என்றார் அப்பா, கும்பிட்ட கையோடு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அது நடிப்புங்க!” என்று நான் கத்தினேன். “டெமோவுங்க! கணக்குல வராதுங்க!”

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா இன்னமும் டானாகவே உட்கார்ந்திருந்தார். கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினார்.

“அக்கா, உக்காரு. அம்மிணி சொன்னது இப்பத்தான் வெளங்குது. தின்னுட்டா ஒத்துக்கிட்டதா அர்த்தம். அதுக்குமேல எந்திரிச்சு ஓட முடியாது. பேச்சு முடிஞ்சுது.” பிறகு என் அம்மாவைப் பார்த்து, “எனக்கும் ஒரு தட்டு போடுங்” என்றார்.

அம்மா ரசத்துக்கு ஓடினார். அம்மா ஓடி அதுவரை நான் பார்த்ததில்லை. மாமாவுக்குப் போட்டார், நவீனுக்கு மறுபடி போட்டார், வேண்டாம் வேண்டாம் என்ற அந்த அம்மாவுக்குத் தண்ணீராவது குடியுங்கள் என்று சொம்பை நீட்டினார். ஒரு பாத்திரம் மிச்சமில்லை. நான் கூடத்தின் நடுவில் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தேன். உனக்குப் பிடித்திருக்கிறதா என்று என்னை ஒரு ஆள் கேட்கவில்லை. என்னத்தைக் கேட்பது? சட்டத்தைச் சொன்னவள் நான், சோற்றைப் போட்டவளும் நான்.

கேட்டவர் ஒருவர்தான். சாயங்காலம் நவீன் போன் செய்தார்.

“உங்களுக்கு விருப்பமில்லீன்னாச் சொல்லுங்க. நான் தின்னது நடிப்புன்னு வீட்டுல சொல்லிப்போடறேன்.”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “அதுக்குப் பேரு நடிப்புங்களா? அந்த நடிப்புக்கு நான் விமர்சனம் எழுதுனா நீங்க தாங்க மாட்டீங்க.”

“அப்ப கல்யாணத்துக்கப்பறம் எழுதுங்க” என்றார். பக்கத்து அறையில் அம்மா எதையோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தார். தலைவலி இல்லை. நான் சரி என்றேன்.

அதற்குப் பிறகு அந்த மாஃபியா படத்தை யாரும் சீண்டுவதில்லை. இப்போது எங்கள் குடும்பத்துக்கென்றே ஒரு புகழ்பெற்ற காட்சி இருக்கிறது. நவீன் ஏன் சாப்பிட்டான்? விசேஷத்துக்கு நாலு பேர் கூடினால் போதும், ஆரம்பித்துவிடுவார்கள். என் மாமியார் விஷக் கட்சி. பருப்பில் நான் வசிய மருந்து வைத்துவிட்டேன் என்பார். மாமா சம்மதக் கட்சி. அவன் ஒத்துக்கொண்டுதான் கை வைத்தான் என்பார், நான் சொன்ன விளக்கத்தைத் தான் கண்டுபிடித்ததுபோல. அம்மாவைக் கேட்டால், “நான் வெச்ச பருப்பு அப்பிடி” என்பதோடு முடித்துக்கொள்வார். நவீன் அன்றைக்குச் சொன்னதையேதான் இன்றைக்கும் சொல்கிறார். விடிகாலையில் ஒரு வண்டியை டெலிவரி கொடுத்துவிட்டு நேராக வந்தாராம், பசித்ததாம். எங்கள் உறவில் இப்போது எந்தப் பையன் பெண் பார்க்கக் கிளம்பினாலும் முதலில் ஓட்டலுக்குக் கூட்டிப்போய் வயிறு முட்டச் சாப்பிடவைக்கிறார்கள். ‘நவீனாட்டப் பண்ணிப்போடாத, தின்னுட்டுப் போ’ என்று சொல்லித்தான் காரில் ஏற்றுகிறார்கள்.

எனக்கு இந்த நான்கு விளக்கங்களில் எதுவும் திருப்தி இல்லை. அன்றைக்கு அவர் பார்த்தது எந்தக் கதவை என்று எனக்குத் தெரியும். அந்தக் கதவில் நின்ற அம்மாவின் முகமும் எனக்குத் தெரியும்.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது, தட்டில் சோற்றைப் போட்டுப் பருப்பை ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

“பசியெல்லாஞ் செரி. தெரிஞ்சுதானே சாப்பிட்டீங்க?”

அவர் சமையலறைக் கதவைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.

“ஏனுங்க, உங்களத்தான் கேக்கறேன். வாயத் தொறந்து சொல்லுங்க!”

“பேசக் கூடாதுன்னு நீதான் சொன்னே” என்றார், ரசத்துக்குத் தட்டை நீட்டிக்கொண்டு.