உருளைக்கிழங்குத் தோலும் என் மகளின் உச்சந்தலையும்

என் கையெழுத்து சில நேரம் எனக்கே புரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளைத் திருத்திப் போடுகிறவர்கள் மன்னிக்க வேண்டும். ஆனால் கட்டைவிரல் அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹைதராபாத்தில் அந்த ஒரு விரல் செய்த அட்டூழியத்தைப் பத்து ரவுடிகள் சேர்ந்தாலும் செய்ய முடியாது.

போவன்பள்ளி மார்க்கெட்டில் நான் மூட்டை தூக்குகிறேன். அவர் உருளைக்கிழங்கைத் தரம் பார்க்கிறவர். கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்ப்பார். தோல் உரிந்தால் புது அறுவடை, ரொம்ப நாள் தாங்காது. உரியாவிட்டால் கோல்டு ஸ்டோரேஜுக்குப் போகலாம். இதையே செய்து செய்து அந்த விரல் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. டீக்கடைச் சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்தால் தேய்க்கும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கன்னத்தையே தேய்த்துவிட்டது. அந்த ஆள் ஒரு கன்னத்துப் பவுடரோடுதான் தாலி கட்டினார்.

என் மகள் எங்களுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். பிறந்த கொஞ்ச நாளில் அவள் உச்சந்தலையில் மஞ்சளாகப் பொருக்குப் படர்ந்தது. பல குழந்தைகளுக்கு வருவதுதான், தானாகப் போய்விடும் என்றார் ஆஸ்பத்திரி நர்ஸம்மா. குளிப்பாட்டும் முன் கொஞ்சம் எண்ணெய் தடவி ஊறவிட்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் நீவி, எண்ணெய் போக அலசச் சொன்னார். நகத்தால் உரிக்கவே கூடாது என்றார். என் மனைவி செல்வி அப்படியே செய்துவந்தாள்.

குழந்தை பார்க்க அண்ணன் வந்தார். பிஸ்கட்டோடுதான் வந்தார், அதில் குறையில்லை. தொட்டிலில் குனிந்தார். நான் பார்க்கப் பார்க்க விரல் போய்த் தேய்த்துவிட்டது!

"ஹவ் தம்பி, ஆமா, புது மால்! தோல் உரியுது பார். ரொம்ப நாள் தாங்காது."

பிறந்த பிள்ளையைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? குழந்தை வீறிட்டாள். உரிந்த இடம் சிவந்துபோயிற்று.

"ஏன்ணே, இது என்ன கிழங்கா?" என்றாள் செல்வி.

"கோவிச்சுக்காதம்மா, விரல் தானாப் போயிடுச்சு."

"தானாப் போற விரலை வீட்லயே வெச்சிட்டு வாங்க!"

அடுத்த வாரமும் வந்தார். விரலையும் கூட்டிக்கொண்டுதான் வந்தார். இந்த முறை தேய்த்த இடத்தில் நீர் கசிந்தது.

"நீங்க அவர்கிட்ட சொல்றீங்களா, இல்ல நான் உப்பல்ல இருக்கற எங்கம்மா வீட்டுக்குப் போகட்டுமா?" என்றாள் செல்வி.

நான் யாரையும் அதட்டிப் பழகாதவன். மறுநாள் மார்க்கெட்டில் அவர் முன்னால் போய் நின்றேன். அவர் பாட்டுக்கு ஒரு கிழங்கை எடுத்துத் தேய்த்தார். எங்கிருந்து வந்ததோ அந்த ஆத்திரம்! கிழங்கைப் பிடுங்கி வீசினேன்.

"என் பொண்ணு தலையில கை வெக்காதீங்க! அவ தாங்குவா! நூறு வருஷம் தாங்குவா!"

மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது.

"நக்கோ தம்பி, வேணாம், அழாதே" என்றார் அண்ணன் மெதுவாக. நான் அழுகிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அதன்பின் அவர் வரவில்லை. எண்ணெயும் பிரஷ்ஷுமாகப் பொருக்கு மெல்ல உதிர்ந்தது. செல்விதான், "பாவம், வரச் சொல்லுங்க" என்றாள்.

வந்தார். வாசலிலேயே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். கொடுத்த காப்பியைக்கூட எடுக்கவில்லை, அது ஆறிப்போயிற்று. தொட்டிலுக்கு நேராகக் குனிந்து, கண்ணை உருட்டி, உதட்டைக் குவித்து என்னென்னவோ சத்தம் போட்டார். என் மகள் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அந்த மனுஷனைப் பார்த்துத்தான். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும், தொடாமலே அவளை அவ்வளவு கொஞ்சியவர் வேறு யாரும் இல்லை.

எழுதி முடித்தது: புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.