இன்ஜின் பேய்க்கு ஏழு சிட்டிகை

மரக்காணத்தில் காருக்கும் பேய் பிடிக்கும். நம்பாதவர்கள் காலை ஆறு மணிக்கு ரேணுகா வீட்டு வாசலுக்கு வந்து பார்த்திருக்கலாம். உப்பளத்துக்குப் போகிறவர்கள், பால் வாங்க வந்தவர்கள், வேடிக்கை பார்க்கவே பஸ்ஸை விட்டவர்கள் என்று திருவிழாக் கூட்டம். எல்லோரும் ஒரு பழைய சிவப்புக் காரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் அதன் இன்ஜின் 'ஊம்' என்று ஏறும், செத்துவிடுவதுபோல் இறங்கும், மறுபடி ஏறும். ஆக்சிலேட்டரில் யாரும் காலை வைக்கவில்லை. அப்படியானால் அது யார் கால்? பேயின் கால்! பேய்க்குக் கால் கிடையாது என்று இவர்களே ஊரெல்லாம் சொன்னதை வசதியாக மறந்துவிட்டார்கள்.

பேயைக் கண்டுபிடித்தவர் இன்ஜின் சாமியார் முருகையன். போன வருஷம் வரை ஈசிஆர் ரோட்டில் பஞ்சர் ஒட்டினார். பிறகு திடீரென்று ஞானம் பிறந்தது. மந்திரித்த உப்பைப் பாக்கெட்டில் போட்டு, ஸ்டேப்ளர் பின் அடித்து விற்றார். வண்டிக்காரரே நிமிஷத்துக்கு ஒரு சிட்டிகை பானெட்டில் தூவ வேண்டும். ஏழாவது சிட்டிகையில் இன்ஜின் அடங்கும். அடங்கவும் செய்தது! உப்பை மலையாகக் குவிக்கிற ஊர், வரிசையில் நின்று உப்பு வாங்கியது.

ஆனால் மறுநாள் காலையில் பேய் திரும்பிவிடும். இரண்டு முறை ஆயிற்று.

"மூணாவது தடவையும் திரும்பி வந்துச்சின்னா இந்த வண்டி வூட்டுக்கு ஆவாதும்மா. என் மடத்துல வுட்டுடு, நான் பாத்துக்கறேன்" என்றார் சாமியார். ரேணுகாவின் கணவன் கலியன், மாற்றுச் சாவியை அப்போதே மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிட்டான்.

குயிலாப்பாளையத்துக்கு வேலைக்குப் போகும் நான்கு பெண்களை அந்தக் காரில்தான் ரேணுகா தினமும் ஏற்றிப் போகிறாள். வண்டி போனால் மறுபடி வெயிலில் உப்பளப் பாத்தி மிதிக்க வேண்டும். அதோடு ஒன்று உறுத்தியது. ஓடிச் சூடான இன்ஜினைச் சாயங்காலம் நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்தால் அது சமர்த்தாக ஓடுகிறது. பேய்க்குச் சாயங்காலம் லீவா?

மூன்றாவது பூஜை. ரேணுகா பாக்கெட்டைப் பிரித்துத் தூவினாள். சாமியார் கண்ணை மூடிக்கொண்டு கத்தினார். ஏழாவது சிட்டிகை விழுந்தது, இன்ஜின் சீராகிவிட்டது.

"பாத்தீங்களா என் உப்போட சக்திய!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பக்கத்து வீட்டுக் கோழி மட்டும் பக்தியில்லாமல் வந்து, பானெட்டிலிருந்து சரிந்து கீழே விழுந்ததைக் கொத்தித் தின்றது.

"ஏன் சாமி, கோழி உப்பு தின்னுமா?" என்றாள் ரேணுகா.

கலியன் பானெட்டைத் தொட்டு நாக்கில் வைத்தான். "யோவ், ரவைய்யா இது!"

"நேத்தே உங்க உப்பக் கொட்டிட்டேன் சாமி. கேசரிக்கு வாங்கின ரவையப் போட்டுப் பின் அடிச்சேன். சூடு ஏற ஏழு நிமிஷம் ஆவுது, ஏறினா அடங்குது. வண்டிங்க நடுவுலயே கெடந்தவருக்கு இது தெரியாதா?"

சாமியாருக்குத் தெரியும். அதனால்தான் புதுச்சேரி பஸ்ஸில் அவ்வளவு வேகமாக ஏறினார். கலியன் மஞ்சள் துணியை அவிழ்த்துச் சாவியை மனைவியிடமே கொடுத்தான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலை மெக்கானிக் ஆண்ட்ரூஸ் வந்தார். இன்ஜின் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ரப்பர் ஓஸ் குழாய் மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டார். ஓஸ் தண்ணீரை உறிஞ்சியது, சத்தம் மாறியது. "தோ, இங்கதான் காத்து இழுக்குது" என்று அதைக் கழற்றினார். பேய் ஒரு சாண் நீளம் இருந்தது. பழசாகி வெடித்திருந்தது; சூட்டில் ரப்பர் இளகினால்தான் வெடிப்பு மூடிக்கொள்ளும். புது ஓஸ் மாட்டியதும் ஆட்டம் நின்றது.

நான்கு பெண்களும் ஏறிக்கொண்டார்கள். ரேணுகா கிளம்பும்போது வேன்காரர் சகாதேவன் ஓடிவந்து, பயபக்தியோடு ஜன்னலில் குனிந்தார்.

"எங்க வேனும் காலைல இப்படித்தான் ஆடுது. அந்த ரவைய எந்தக் கடையில வாங்கினம்மா?"

ரேணுகா கியரைப் போட்டாள்.

"ரவை எல்லாக் கடையிலயும் கெடைக்கும்ணே. வண்டியில பானெட்டத் தொறந்து பாருங்க. அதுக்கு முன்னாடி மண்டையக் கொஞ்சம் தொறங்க."