கண்டெடுத்த இடம்

பால்கனியை விட்டுக்கொடுப்பதில்லை என்று கண்ணாடிக் கடைக்காரர் பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டார். வாய் கொப்பளித்துவிட்டு வந்தபோது முடிவு கொஞ்சம் ஆட்டம் கண்டது. எதிரே மனைவி நின்றிருந்தாள்.

“புதன்கிழமை வாஷிங் மெஷின் வருது. பால்கனி காலியா இருக்கணும்.”

“அங்க சரித்திரம் இருக்கு.”

“நாலு பிஸ்கட் டின் இருக்கு.”

“அதுக்குள்ளதான் சரித்திரம்.”

“அதுக்குள்ள சேறுங்க. கரைக்குப் போறது நீங்க. கறையோட மல்லுக்கட்டறது நான். உங்க பேன்ட்டைத் துவைக்கத்தான் மெஷினே வாங்கறோம்.”

வார நாட்களில் அவர் ஊராரின் பார்வையைச் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆற்றுப் பாலத்துக்குக் கீழே, தண்ணீர் வடிந்த சேற்றில் முட்டி போட்டுப் பழங்காலத்தைத் தேடினார். எட்டு வருடத்தில் சேர்ந்தவை: பீங்கான் துண்டுகள், எலும்புப் பொத்தான்கள், பூட்டைத் தொலைத்த சாவிகள், தலையில்லாத ஒரு களிமண் குதிரை. எதையும் அவர் கழுவியதில்லை. சேறும் சரித்திரத்தில் சேர்த்தி என்பது அவர் கட்சி.

ஆனால் ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி உண்டு. பொருள், தேதி, கண்டெடுத்த இடம். இடம் என்றால் வெறுமனே ‘ஆறு’ என்று எழுதுகிற ஆள் இல்லை. ‘மூன்றாம் தூணிலிருந்து கிழக்கே நாலு அடி, சாய்ந்த கல்லுக்கு இடப்பக்கம்.’ லென்ஸ் பவரைக் கால் காலாகக் கூட்டிப் பழகிய கை.

செவ்வாய்க்கிழமை நாலு டின்களும் ரகசியமாகக் கீழ்வீட்டுத் தையல்காரரிடம் குடிபோயின. மெஷின் வந்து உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

“உன் வீட்டம்மாவுக்குத் தெரியக் கூடாது. அவங்களுக்குத் தெரிஞ்சா மேல தெரிஞ்ச மாதிரி.”

“கவலைப்படாதீங்கண்ணே. வாயைத் தைச்சாச்சு.”

தையல் பிரியக்கூடியது என்று அவருக்குத் தோன்றவில்லை.

மனைவியிடம், “எல்லாத்தையும் ஆத்துலயே போட்டுட்டேன்” என்றார். குரலில் கொஞ்சம் தழுதழுப்பும் சேர்த்துக்கொண்டார்.

“அடடா. பாவம் நீங்க” என்று அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு பரிமாறினாள்.

ஞாயிற்றுக்கிழமை, சும்மா காற்று வாங்கிவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

“போய்ட்டு வாங்க. முட்டிக்குக் கீழ போட்டுக்கப் பழைய துண்டு ஒண்ணு வச்சிருக்கேன்.”

அன்று ஆறு வாரி வழங்கியது. மூன்று மணி நேரம் துழாவினால் ஒரு பொத்தான் கிடைப்பதே அதிகம். இப்போது அரை மணியில் பத்தொன்பது உருப்படி. நீலப் பூப்போட்ட பீங்கான், சாவி, பொத்தான்கள், எல்லாம் பளிச்சென்று இருந்தன. தண்ணீரே கழுவிவிட்டிருக்கிறது என்று தீர்மானித்தார். கடைசியில் ஒரு களிமண் குதிரை. இதற்கும் தலையில்லை. அவருக்குப் புல்லரித்தது. தலையில்லாத குதிரை ஒன்று கிடைத்தால் உடைசல். இரண்டு கிடைத்தால், ஒரு நாகரிகமே தலையில்லாமல் குதிரை செய்திருக்கிறது!

வீட்டுக்கு ஓடிவந்து நோட்டைத் திறந்தார். ‘களிமண் குதிரை, தலை இல்லை. இரண்டாம் தூணுக்கு மேற்கே ஆறு அடி’ என்று எழுதியவர் பேனாவை நிறுத்தினார். எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. பின்னால் புரட்டினார். அதே வரி. பீங்கானுக்கும் அதன் பழைய இடமேதான். சாவிக்கும்.

“ஏய், இது என் குதிரை!”

“ஆமாங்க. குளிப்பாட்டினதும் அடையாளம் தெரியலையா?”

“யார் கொண்டுபோய் ஆத்துல போட்டது?”

“நீங்கதான் போட்டேன்னீங்க. கீழ்வீட்டு அக்கா வந்து, டின்னெல்லாம் எங்க வீட்ல இருக்குன்னாங்க. என் வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டாரேன்னுட்டேன். உங்க வாக்கு பொய்யாகக் கூடாதுல்ல? நேத்து நீங்க கடையில இருந்தப்போ நோட்டைப் பார்த்துப் பார்த்து, எடுத்த பொருளை எடுத்த இடத்துல வச்சோம். இருபத்திரண்டு வருஷமா உங்களுக்கு நான் சொல்றதும் அதைத்தானே?”

“டின்னு?”

“நூல்கண்டு போட அக்கா வச்சுக்கிட்டாங்க.”

பால்கனியில் மெஷின் அவருடைய பேன்ட்டை உருட்டிக்கொண்டிருந்தது. அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

“போகட்டும். பத்தொன்பது வீடு திரும்பியாச்சு. மிச்சத்தையும் அடுத்த வாரமே எடுத்துட்டு வந்துடுவேன். எது எங்க இருக்குன்னு நோட்டுல இருக்கு!”

“தாராளமா எடுத்துட்டு வாங்க. எழுத்தை மட்டும் கொஞ்சம் பெருசா போடுங்க. சனிக்கிழமை சனிக்கிழமை அக்காவும் நானும் படிக்கணும்ல?”

கண்ணாடிக் கடைக்காரர் புதுப் பக்கம் புரட்டி, பெரிய எழுத்தில் எழுத ஆரம்பித்தார்.