பல்லிளித்த மயில்

"சின்ன வேலைதான்" என்று பேச்சைத் தொடங்குகிற ஆளை வாசலிலேயே கும்பிட்டு அனுப்பிவிட வேண்டும். எனக்கு அது இருபத்துமூன்று வயதில் தெரியவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அறுபதுகளின் தொடக்கம். அச்சகத்து வேலையை விட்டுவிட்டு, ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே சோப்பு, பல்பொடிக் கம்பெனிகளுக்கு லேபிள் வரைந்துகொண்டிருந்தேன். இப்படிப்பட்ட பெண்ணை எவன் கட்டுவான் என்று அம்மா அரற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ஆனேக்கல்லிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஊதுபத்தி வியாபாரி. பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே சுவரில் இருந்த என் படங்களை நோட்டம் விட்டார்.

"பொண்ணு புடிச்சிருக்கு. நம்ம பத்திக்கு ஒரு மயிலு போட்டுக் குடும்மா. சின்ன வேலைதான். நம்ம வீட்டு வேலைதானே?"

அங்கேயே முடியாது என்றிருக்க வேண்டும். நானோ தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க மாமா" என்றேன். (வெட்கமாம்! மண்ணாங்கட்டி.)

வரைந்து அனுப்பியதும் பஸ் ஏறி வந்துவிட்டார். மயில் வலப்பக்கம் பார்த்தால் வியாபாரம் வெளியே போய்விடுமாம். திருப்பினேன். மாமியாருக்கு அதன் கழுத்தில் சங்கிலி வேண்டுமாம். மாட்டினேன். அப்புறம், "மயிலு மூஞ்சி உம்முனு இருக்குதும்மா, சிரிக்க வையேன்" என்றார். மாப்பிள்ளை என்னிடம் பேசிய ஒரே வாக்கியம், "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்." அலகை வைத்துக்கொண்டு மயில் எப்படி ஐயா சிரிக்கும்? பல் வரைந்தேன். ஆமாம், மயிலுக்குப் பல்! வந்த கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் என்னை அந்த லட்சணத்துக்குக் கொண்டுவந்திருந்தது. இதற்குள் வழக்கமாக வேலை கொடுக்கும் சோப்புக்காரர் காத்துக் காத்து அலுத்துப்போய் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

நிச்சயதார்த்தத்தன்று வீடு கொள்ளாத ஜனம். தாம்பூலத் தட்டு என் அப்பா கைக்கு மாறப்போகிற நேரத்தில் அந்த மனுஷர் வெற்றிலைக்கு அடியிலிருந்து என் லேபிளை உருவி எல்லாருக்கும் காட்டினார்.

"மருமக போட்டது. பல்லு கொஞ்சம் ஜாஸ்தி. ரெண்டை எடுத்துட்டு, பக்கத்துல என் போட்டோவையும் வரைஞ்சு தர்றேன்னு சொல்லட்டும், தட்டை மாத்திக்கலாம்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. அப்பாவும் மரியாதைக்குச் சிரித்தார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"முடியாது" என்றேன்.

"இன்னாம்மா முடியாது? பல்லா, போட்டோவா?"

"கல்யாணம், மாமா."

தட்டு வந்த வழியே ஆனேக்கல்லுக்குத் திரும்பிப் போனது. அப்பா ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மாதான் அடியோடு மாறிப்போனாள். அதற்குப்பின் எந்த ஆண்பிள்ளை கதவைத் தட்டினாலும் வாசலை மறித்துக்கொண்டு, "லேபிளுக்கா, பொண்ணு பாக்கவா? ரெண்டுக்கும்னா அப்படியே திரும்பிப் போயிடுங்க" என்பாள்.

காக்கிச் சட்டை போட்ட ஒருவர் மட்டும் ஒருநாள் மிரண்டுபோய், "ரெண்டும் இல்லம்மா, கரெண்ட் மீட்டர் பாக்க வந்தேன்" என்றார். எங்கள் பேரப்பிள்ளைகள் இன்றும் வீட்டு விசேஷங்களில் அதை நடித்துக் காட்டுகிறார்கள். மீட்டர்க்காரராக நடிக்க அவர்களுக்குள் அடிதடியே நடக்கும். தாத்தா வேஷம் அல்லவா.